சித்தியின் சாப்பாட்டுக் கணக்கு

தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் நம்மில் அநேகர் விமானத்தை அண்ணாந்து பார்ப்போம், நந்தியைச் சுற்றி வருவோம், திரும்பிவிடுவோம். சுவரிலுள்ள கல்வெட்டுகளை நின்று பார்ப்பவர் சொற்பம். அங்கே ராஜராஜன் காலத்துச் சமையல் கணக்கே இருக்கிறது! அமுது படைக்க அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, பருப்பு, தயிர், மிளகு எவ்வளவு என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே வெட்டி வைத்திருக்கிறார்கள். அளந்த மரக்காலுக்குக்கூட 'ஆடவல்லான்' என்று பெயர்.

அந்தக் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், மேல வீதியில், என் சித்தி வீடு. மாதத்துக்கு அரிசி எத்தனை, உளுந்து எத்தனை என்பதெல்லாம் சித்திக்கு விரல் நுனியில் நிற்கும். ஆனால் தான் என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்டால், "நான் என்னடி சாப்பிடறேன்? ரெண்டு பிடி சாதம், அதோட சரி" என்பாள். அப்படியிருந்தும் உடம்பு கனக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று குறை.

கோபித்துக் கொள்ளாதீர்கள். நீங்கள் நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா?

கலோரி என்ற வார்த்தையைக் கேட்டதுமே பட்டினி ஞாபகம் வருகிறது நமக்கு. பாவம், அது வெறும் அளவுதான். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ அது ஒரு கலோரி. ஒரு கிராம் மாவுச் சத்திலோ புரதத்திலோ சுமார் 4 கலோரி, எண்ணெய் நெய்யில் 9. நம் ஊர்ப் பண்டங்களுக்குக் கணக்கு இல்லையே என்று தயங்க வேண்டாம். குன்னூர் ஆராய்ச்சிச் சாலையில் அய்க்ராய்டு என்ற விஞ்ஞானி 1937-லேயே அட்டவணை போட்டுவிட்டார். அந்த ஸ்தாபனம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போயிற்று. 2017-ல் அங்கே வெளியிட்ட அட்டவணையில் 528 பண்டங்கள் இருக்கின்றன.

போன வருஷம் நானே இந்தக் கணக்கில் இறங்கித் தோற்றவள். கைப்பேசியில் '1,200' என்று ஓர் எல்லை குறித்துக் கொண்டேன். மூன்றாம் நாள் ஒரு கல்யாணம். இரண்டு மைசூர் பாகு உள்ளே போயிற்று, கணக்கில் ஏறவில்லை. ஒரு இயந்திரத்திடம் பொய் சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு! எல்லை என்று ஒன்று வந்துவிட்டால் நோட்டு நீதிபதி ஆகிவிடுகிறது. நீதிபதி முன்னால் யார்தான் உள்ளதைச் சொல்வார்கள்?

ஆகவே இந்தத் தடவை சித்திக்கும் எனக்கும் ஓர் ஒப்பந்தம். ஏழு நாள் வாயில் போவதையெல்லாம் எழுத வேண்டியது. குறைக்க வேண்டாம், கூட்ட வேண்டாம், "ஐயோ, இவ்வளவா!" என்று ஒருவரை ஒருவர் கேட்கவும் கூடாது. (சர்க்கரைக்கு ஊசி போட்டுக் கொள்கிறவர்களும், சாப்பாட்டை நினைத்தாலே மனம் பதறுகிறவர்களும் டாக்டர் சொல்படி நடப்பதே நல்லது.) அரிசியைப் பச்சையாக நிறுத்துக் கொண்டோம். நூறு கிராம் அரிசி என்றால் சுமார் 350 கலோரி. சோறாகும்போது எடை கூடுவதெல்லாம் தண்ணீர்தான்.

சித்தி சொன்னது பொய்யில்லை. சாதம் குறைவுதான். ஆனால் காப்பி நாலு வேளை! நூறு மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையுமாக ஒரு டம்ளருக்கு ஏறக்குறைய 110 கலோரி. நாலு டம்ளர் சேர்ந்தால் ஒரு வேளைச் சாதத்தைத் தாண்டிவிடுகிறது. மளிகைச் சிட்டையைப் பார்த்தோம். நாலு பேருக்கு மாதம் மூன்று லிட்டர் எண்ணெய். தலைக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி, 200 கலோரிக்குக் குறையாது. இலையில் கண்ணுக்கே தெரியாத பண்டம் இது! பேரன் தட்டில் மிச்சம் வைத்த நெய்ச் சாதம், உப்புப் பார்க்க எடுத்த வடை, இவையும் எழுதிய பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தன.

இதைவிட இன்னொரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. முறுக்கு டப்பாவுக்குச் சித்தியின் கை எல்லா நாளும் போகவில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, பகல் இரண்டரை மணி வரை வெறும் காப்பியோடு நின்ற நாட்களில்தான் போயிருந்தது. நோட்டைப் பார்த்துவிட்டுச் சித்தி, "அப்போ நான் திங்கறவ இல்லே, பசிச்சவ" என்றாள்.

ஐந்தாம் நாள் பாத்திரம் தேய்க்க வருகிற பெண், "எனக்கும் ஒரு பக்கம் எழுதுங்கக்கா" என்றாள். மூன்று வீட்டு வேலை. நடவுக் காலத்தில் வயலுக்கும் போகிறவள். எழுதினேன். விடியற்காலை ஒரு டீ. பதினொரு மணிக்கு டீயும் பன்னும். மூன்று மணிக்கு ரசம் சாதம். ராத்திரி குழம்பு சாதம். எப்படிக் கூட்டினாலும் 1,300-ஐ எட்டவில்லை. உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்குச் சராசரியாக 1,660 கலோரியும், கடும் உழைப்பாளிப் பெண்ணுக்கு 2,720-ம் வேண்டும் என்று 2020-ல் ஹைதராபாத் நிபுணர்கள் கணக்கிட்டார்கள். சராசரி சராசரிதான், ஒரே நாள் கணக்கும் ஒரே நாள் கணக்குதான். இருந்தாலும் பென்சிலை வைத்துக் கொண்டு சற்று நேரம் சும்மா இருந்தேன். சித்தி என் தோளுக்கு மேலாக அந்தப் பக்கத்தைப் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் அந்தப் பெண் வந்து முற்றத்துக்குப் போகத் திரும்பியபோது, "பாத்திரம் எங்கே ஓடிடப் போறது? முதல்லே உட்காரு" என்றாள் சித்தி. தட்டில் மூன்று தோசை. இன்னொரு தட்டு தனக்கும் போட்டுக் கொண்டாள். மணி எட்டரை.

நோட்டைச் சித்தியிடமே விட்டு வந்தேன். நாலாவது காப்பி இன்னும் நிற்கவில்லையாம். சர்க்கரை மட்டும் ஒரு ஸ்பூன் ஆகியிருக்கிறதாம். முறுக்கைப் பற்றி நான் கேட்கவில்லை. ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே!