திருத்தாமல் எழுதும் பத்து நிமிடம்

எழுத உட்காரும் மனம் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. எண்ணங்களைத் தோற்றுவிப்பது ஒன்று. தோன்றியவை தேறுமா, தேறாதா என்று தீர்ப்புச் சொல்வது மற்றொன்று. நல்ல எழுத்துக்கு இரண்டும் வேண்டும் என்றாலும், இரண்டையும் ஒருங்கே செய்ய முற்படும்போது தீர்ப்புச் சொல்லும் வேலையே மேலோங்கிவிடுவதால், பல எண்ணங்கள் வாக்கியமாக உருப்பெறும் முன்பே மடிந்துபோகின்றன. இவ்விரு வேலைகளையும் வெவ்வேறு நேரத்துக்குப் பிரித்துவைக்கும் பயிற்சியே தடையற்ற எழுத்து. குறித்த நேரம் முடியும்வரை பேனாவை நிறுத்தாமலும், எழுதியதைத் திரும்பிப் படிக்காமலும், எதையும் அடிக்காமலும், மனத்தில் வருவதை வந்தபடியே எழுதிச் செல்வது அதன் முறை.

இதற்கு நீண்ட வரலாறு உண்டு. ஜெர்மானிய எழுத்தாளரான லுட்விக் பெர்னே, மூன்று நாள்களில் சுயமான எழுத்தாளராவது எப்படி என்று 1823இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். சில தாள்களை எடுத்துக்கொண்டு, மனத்தில் தோன்றுவதையெல்லாம் பொய்யும் பாசாங்கும் இன்றி மூன்று நாள்கள் தொடர்ந்து எழுதிவர வேண்டும் என்பதே அதில் அவர் கூறிய வழி. பெர்னேயின் நூல்களைப் பதினான்காம் வயதில் பரிசாகப் பெற்ற உளப்பகுப்பாய்வாளர் சிக்மண்ட் பிராய்டு, நோயாளி மனத்தில் பட்டதையெல்லாம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்ற தம் சிகிச்சை முறைக்கு அக்கட்டுரை தம்மை அறியாமலே வித்திட்டிருக்கலாம் என்று 1920இல் எழுதினார். முதல் உலகப் போரின்போது மனநிலை பாதிக்கப்பட்ட படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றி, அங்கே பிராய்டின் கருத்துகளை அறிந்துகொண்ட பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன், 1919இல் மற்றொரு கவிஞரான பிலிப் சூப்போவுடன் சேர்ந்து, மனத்தில் வருவதைத் தடுக்காமல் எழுதும் அதே வழியில் ஒரு நூலையே எழுதி முடித்தார். மீமெய்யியல் (சர்ரியலிசம்) என்னும் இலக்கிய இயக்கத்தின் தொடக்க நூலாக அது கருதப்படுகிறது.

அவ்வியக்கத்தினர் தடையின்றி வந்த எழுத்தையே முடிந்த படைப்பாகக் கொண்டனர். அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ அதை மூலப்பொருளாக மட்டுமே கொண்டார். சாதாரண மனிதருக்குப் பயன்படுவது எல்போவின் நிலைப்பாடுதான். எழுத இயலாமல் தவித்து ஹார்வர்டில் முனைவர் பட்டப் படிப்பையே பாதியில் விட்டவரான அவர், 1973இல் வெளியிட்ட ‘ரைட்டிங் வித்தவுட் டீச்சர்ஸ்’ என்னும் நூலின் வழியாக இப்பயிற்சியைக் கல்லூரி வகுப்பறைகளில் பரவச் செய்தார்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே திருத்துவதால் நேரும் இழப்பை, நியூயார்க்கில் எழுத்துத் திறன் குறைந்த ஐந்து கல்லூரி மாணவர்களை ஆராய்ந்து ஆய்வாளர் சோன்ட்ரா பெர்ல் 1979இல் வெளியிட்ட ஆய்வு துல்லியமாகக் காட்டுகிறது. அதில் டோனி என்ற புனைபெயரால் சுட்டப்படும் மாணவர் தம் கட்டுரைகளில் 234 திருத்தங்கள் செய்தார். அவற்றுள் பொருளைத் தொட்டவை 24 மட்டுமே. எஞ்சிய 210 வடிவத்தைப் பற்றியவை, அதிலும் 95 வெறும் எழுத்துப்பிழைத் திருத்தங்கள். சில சொற்களை எழுதுவதும் நிறுத்திச் சரிபார்ப்பதுமாக இவ்வளவு பாடுபட்ட பிறகும் அவருடைய கட்டுரைகளில் பிழைகள் மிகுந்தே இருந்தன என்பதும், இடையிடையே சிந்தனையின் தொடர்ச்சி அறுபட்டது என்பதும்தான் வருந்தத்தக்கவை. தமிழில் எழுதுவோருக்கு இச்சிக்கல் இன்னும் கூடுதல். றகரமா ரகரமா, ஒற்று மிகுமா மிகாதா என்ற ஐயங்களோடு, பேச்சில் வரும் எண்ணத்தை எழுத்து வழக்குக்கு மாற்றும் சுமையும் சேர்ந்துகொள்வதால், முதல் வரியிலேயே கை நின்றுவிடுகிறது.

பயிற்சியின்போது தாளில் நிகழ்வது பெரும்பாலும் இப்படித்தான் அமையும். முதல் சில வரிகள் சலிப்பும் முறையீடுமாக இருக்கும். எழுத ஒன்றும் தோன்றாவிட்டால் ‘ஒன்றும் தோன்றவில்லை’ என்றே எழுதலாம், அல்லது கடைசிச் சொல்லையே திரும்பத் திரும்ப எழுதலாம். பிறகு, அடுத்த வீட்டு ஓசை, கட்ட மறந்த மின்கட்டணம் என்று பலவும் வந்து விழும் அந்த வரிகளுக்கிடையே, எழுதுபவரே எதிர்பாராத ஒரு நினைவோ கேள்வியோ தலைகாட்டும். குறித்த நேரம் முடிந்ததும் எழுதியதைப் படித்து, அதில் கனமுள்ள இடம் எதுவென்று கண்டு, அதை ஒரே வாக்கியமாகச் சுருக்கி, அவ்வாக்கியத்திலிருந்து மீண்டும் எழுத வேண்டும் என்பது எல்போ சொல்லும் அடுத்த படி. புதிய கருத்து பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது சுற்றில்தான் தெளிவு பெறுகிறது. ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டு இம்முறை பயனற்றது என்று முடிவுகட்டுவது அவசரமே.

எழுதியவற்றில் பெரும்பகுதி கழிவாகவே போகும். எஞ்சியதைச் செம்மைப்படுத்தும்போது இலக்கணமும் கண்டிப்பும் தம் முழு உரிமையோடு திரும்பி வர வேண்டும். எழுதத் தயங்கும் மாணவர்களை நாள்தோறும் காணும் தமிழாசிரியர்கள், கட்டுரை வகுப்பின் தொடக்கத்தில் மதிப்பெண் இல்லாத பத்து நிமிடத்தை ஒதுக்கித் தர வேண்டும்; அத்தாளை வாங்கிப் பார்க்காமலும் இருக்க வேண்டும்.