உங்களுக்குத் தெரியுமா? 19 அடி நீளப் புகைப்படம்!

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858-லேயே ஒருவர் வரிசையாகப் படமெடுத்து, 21 பிரதிகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளச் சுருளாக்கிவிட்டார். அவர் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர்.

• மெழுகு பூசிய காகிதம்தான் நெகடிவ். படத்தில் வானம் வெறுமையாக விழும். மேகங்களை நெகடிவ் மீது கையாலேயே தீட்டிவிடுவார். அந்தக் காலத்து ஃபோட்டோஷாப்!

• ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டைக்குத் தனித்தனி ஆல்பங்கள். மதுரைக்கு மட்டும் நான்கு பாகம். உள்ளே இருந்தவை அச்சுப்படங்கள் அல்ல, ஒட்டிய அசல் புகைப்படங்கள்.

• 1859-ல் வந்த கவர்னர் டிரெவெல்யன், ‘ஆடம்பரச் செலவு’ என்று புகைப்படப் பிரிவையே இழுத்து மூடினார்.