2000 ரூபியாவில் ஒரு புலி

இந்தோனேசியா 1974-இல் மூன்று நாணயங்களை வெளியிட்டது. 1,00,000 ரூபியா தங்கத்தில் கொமோடோ டிராகன், 5000 ரூபியா வெள்ளியில் ஒராங்குட்டான், 2000 ரூபியா வெள்ளியில் ஜாவாப் புலி. அரிசி வாங்குவதற்கான காசல்ல இவை. அருகிவரும் உயிரினங்களைக் காக்கப் பணம் திரட்டுவதற்காக, உலக வனவிலங்கு நிதியம் பல நாடுகளைச் சேர்த்துத் தொடங்கிய வரிசை. நாட்டுக்கு ஒரு தங்கம், இரண்டு வெள்ளி.

சேகரிப்பாளர்கள் தேடுவது இவற்றின் 'ப்ரூஃப்' வகையை. அக்காலத்தில் சிற்பி முதலில் நாணயத்தைவிடப் பல மடங்கு பெரிய பிளாஸ்டர் வட்டில் விலங்கைச் செதுக்குவார். ஒரு இயந்திரத்தின் ஊசி அதன் மேடுபள்ளத்தைத் தடவிச் செல்லும். மறுமுனையிலுள்ள வெட்டுளி அதையே சிறிதாக்கி எஃகில் கடையும். அதிலிருந்து பிறக்கும் அச்சின் தட்டைப் பகுதியைக் கண்ணாடிபோல மெருகேற்றி, உருவப் பகுதியை மட்டும் சொரசொரப்பாக விடுவார்கள். மெருகேற்றிய வெள்ளி வில்லையை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தினால், பளபளக்கும் பின்னணியில் விலங்கு வெண்பனி பூத்ததுபோல எழும். புலி என்றால் சிற்பிக்குக் கூடுதல் தலைவலி: வண்ணமில்லாத உலோகத்தில் வரிகளையும் ஆழத்தாலேயே காட்டியாக வேண்டும்.

அந்தப் புலியின் உறுதியான தடயங்கள் கிழக்கு ஜாவாவின் மேரு பெதிரி காட்டில் 1976-உடன் நின்றுபோயின. ஒரு முடியை வைத்து, அது இன்னும் உயிரோடிருக்கலாம் என 2024-இல் எழுந்த வாதத்தைப் பலர் ஏற்கவில்லை.

இதே வரிசையில் 1975-இல் மொரீசியஸ் வெளியிட்ட 50 ரூபாய் வெள்ளியில் இருந்தது மொரீசியஸ் கெஸ்ட்ரல் என்ற சிறிய வேட்டைப் பறவை. டிடிடி பூச்சிக்கொல்லி, காடழிப்பு, வெளியிலிருந்து வந்த குரங்கு, கீரி எல்லாம் சேர்ந்து, 1974-இல் காட்டில் அறியப்பட்டவை நான்கே பறவைகள் என்ற நிலை.

அதை நாணயம் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். முட்டை திருடியவர்கள் காப்பாற்றினார்கள். 1979-இல் அங்கு வந்த உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ், முதல் ஈட்டு முட்டைகளைக் கூட்டிலிருந்து எடுத்து அடைகாப்புக் கருவியில் பொரிக்க வைத்தார். கூடு காலியானதும் தாய் இன்னொரு ஈடு இட்டது. 1994 வரை 300-க்கும் மேற்பட்ட பறவைகள் காட்டில் விடப்பட்டன. பிறகு எண்ணிக்கை மீண்டும் சரிய, 2014-இல் 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலுக்கே இப்பறவை திரும்பியது. அதற்காக மரப்பெட்டிக் கூடுகளை மாட்டும் வேலை அதனால் நிற்கவில்லை.