அழைத்த பெயருக்கு யார் வருவார்?

நம் அன்பர்களின் பிள்ளைகளுள் பலர் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டப்படி, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் கணிப்பொறி அறிவியல் பயில்கின்றனர். அவர்கள் கற்கும் மொழி பைத்தான். டச்சுக்காரரான கைடோ வான் ராஸம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்டது. செய்முறைத் தேர்வில் நல்ல மாணவனையும் திகைக்கவைக்கும் ஒரு பிழை அதில் உண்டு.

பகடை விளையாட்டொன்றை மாணவன் எழுதுவதாகக் கொள்வோம். 1 முதல் 6 வரை ஏதேனும் ஓர் எண்ணைத் தரும் 'ராண்டின்ட்' என்னும் செயற்கூறு, 'ராண்டம்' என்னும் மாட்யூலில் ஆயத்தமாக இருக்கிறது. 'இம்போர்ட் ராண்டம்' என்று ஒரு வரி எழுதினால் போதும். மாணவன் அவ்வாறே எழுதி, தன் கோப்புக்கும் 'ராண்டம்' என்றே பெயரிடுகிறான். இயக்கினால், 'ராண்டமில் ராண்டின்ட் இல்லை' என்று கணிப்பொறி சாதிக்கிறது! எழுத்துப் பிழையோ ஒன்றுமில்லை. பின் நேர்ந்தது என்ன?

இம்போர்ட் என்ற ஆணையைக் கண்டதும், அம்மாட்யூல் முன்னரே வந்துள்ளதா என்று பைத்தான் தன் பதிவேட்டைப் பார்க்கிறது. இருந்தால் அதனையே மீண்டும் தருகிறது. இல்லையெனில், மொழியோடு பிணைந்த சிலவற்றைப் பார்த்தபின், கோப்புறைகளை வரிசையாகத் தேடுகிறது. அவ்வரிசையில் முதலிடம், நாம் இயக்கும் கோப்பு உள்ள கோப்புறைக்கே. மொழியுடன் வரும் நூலகமும், நாம் தனியே நிறுவியவையும் அதற்குப் பின்னரே. பெயர் பொருந்தும் முதற்கோப்பைக் கண்டதும் தேடல் நின்றுவிடும். கண்டதைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, அதன் வரிகளை மேலிருந்து கீழாக ஒருமுறை இயக்குகிறது.

நம் மாணவனின் கதையில், தேடியவுடன் அகப்பட்டது அவன் கோப்பே! அது மறுபடியும் இயங்கத் தொடங்குகிறது. அதன் முதல் வரி மீண்டும் ராண்டமை அழைக்கிறது. இம்முறை பதிவேட்டில் பெயர் உள்ளது; ஆனால் அது பாதியில் நிற்கும் அவனது கோப்புத்தான். அதில் ராண்டின்ட் ஏது?

கோப்பின் பெயரை மாற்றுவதே பரிகாரம். ஐயம் எழுந்தால், மாட்யூலின் 'ஃபைல்' என்னும் பண்பை, இருபுறமும் இரட்டை அடிக்கோடு இட்டு, அச்சிட்டுப் பார்க்கலாம். எக்கோப்பு வந்தது என்பது தெரிந்துவிடும். 2024இல் வெளிவந்த 3.13ஆம் பதிப்பு, இத்தகைய பெயர்ப்பொருத்தத்தைப் பிழைச்செய்தியிலேயே சுட்டிக்காட்டுகிறது. பழைய பதிப்பு உள்ள பள்ளிகளில் அவ்வுதவி கிடையாது.

ஆகவே, 'எல்லாம் சரியாகத்தான் எழுதினேன்' என்று பிள்ளை கண்கலங்கி நின்றால், கணிப்பொறி அறியாத பெற்றோரும் ஒரு கேள்வி கேட்கலாம்: 'கோப்புக்கு என்ன பெயர் வைத்தாய்?'