கல்வெட்டுக்கு ஒரு படம்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால், 31ஆம் நாளுக்கு முன் கல்வெட்டு அச்சாகி வர வேண்டும். வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், வம்சாவளி எல்லாம் சேர்ந்த இந்த நினைவுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் இறந்தவரின் படம் இருக்கும். அந்தப் படத்தைத் தேடும்போதுதான் பல குடும்பங்கள் திண்டாடுகின்றன. அகப்படுவது அடையாள அட்டைப் படமாக இருக்கும். இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் கலியாண வீட்டுக் குறூப் படத்தில் மூன்றாம் வரிசையில் நிற்கும் ஒரு முகம்.

காரணம் ஊர் அறிந்ததுதான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு போரால் வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, அலுமாரிக்குள் இருந்த அல்பங்கள் எத்தனையோ அப்படியே நின்றுவிட்டன. கையோடு போனவை மழையையும் பல இடம்பெயர்வுகளையும் கண்டன. தப்பியவற்றையும் ஈரக் காற்றும் பூஞ்சணமும் விட்டுவைக்கவில்லை. 1980களில் பரவிய பசைத்தாள் அல்பங்களில் படத்தின் முதுகு ஒட்டிப்பிடித்துக்கொண்டது. அக்காலக் கலர்ப் படங்களின் சாயம் வெளிறிச் செம்மை தட்டிவிட்டது. வெள்ளித் துகளால் உருவான கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் ஓரளவு தாக்குப்பிடித்தன.

இவற்றைத் திருத்தி அச்சடிப்பது ஸ்ரூடியோக்காரருக்குப் பழகிய வேலை. கையிலிருக்கும் கருவி பெரும்பாலும் போட்டோஷொப். ஆனால் அதை வெளியிடும் அடோபி நிறுவனம் 2013இல் அதன் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றியது. அந்தச் சந்தா டொலர்க் கணக்கில் வருகிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறியபோது, காசு கொடுத்து வாங்குவது சின்னக் கடைகளுக்குக் கைக்கெட்டாமல் போனது. திருட்டுப் பிரதியும் அதோடு வரும் வைரஸும் வேண்டாம் என்பவர்களுக்கு உள்ள வழி, லினக்ஸ் இயங்குதளமும் அதில் இயங்கும் கட்டற்ற மென்பொருள்களும்.

கட்டற்ற மென்பொருளை நம்பி ஆவணங்களைக் காப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. தில்லைநாதன் கோபிநாத், மு. மயூரன் ஆகியோர் 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகத் திட்டம், விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளின் மேல்தான் நிற்கிறது. படங்கள், ஒலிப்பதிவுகள், காணொளிகளுக்கான அதன் ‘ஆவணகம்’ ஐலண்டோரா என்ற திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்துகிறது. நூலகத்தின் சேகரிப்பில் கல்வெட்டுகளுக்கும் தனி இடம் உண்டு. யாழ். பொதுநூலகம் 1981இல் எரிந்து சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதை மறக்காத ஒரு சமூகம், தன் ஆவணங்களைத் தனியொரு கட்டடத்திலோ தனியொரு நிறுவனத்தின் பூட்டிலோ வைத்திருக்க விரும்பாதது இயல்பே.

வீட்டிலோ கடையிலோ செய்வதானால் முதல் வேலை ஸ்கேன். லினக்ஸில் ஸ்கேனர்களோடு பேசுவது சேன் என்ற மென்பொருள் தொகுதி. எந்த மாதிரிகள் அதற்கு ஒத்துவரும் என்ற பட்டியல் இணையத்தில் உண்டு. எவ்வளவு நுணுக்கமாக ஸ்கேன் செய்வது என்பது எளிய கணக்கு. 35க்கு 45 மில்லிமீற்றர் கடவுச்சீட்டு அளவுப் படத்தை அங்குலத்துக்கு 1200 புள்ளிகளில் எடுத்தால், ஏறத்தாழ 1650க்கு 2125 புள்ளிகள் கிடைக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற வழக்கமான அச்சுத் தரத்தில், ஐந்தரை அங்குல அகலமும் ஏழு அங்குல உயரமும் கொண்ட படமாக அதை அச்சிடலாம். மூலப்படத்தில் இல்லாத நுணுக்கத்தை எந்த ஸ்கேனரும் கொண்டுவராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கோப்பை டிஃப் வடிவில் சேமிப்பது நல்லது. ஜேபெக் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் தரத்தை இழக்கும்.

படம் இல்லை, நெகட்டிவ் மட்டும் இருக்கிறது என்றால் டார்க்டேபிள் என்ற மென்பொருள் கைகொடுக்கும். வெளிச்சப் பலகையில் நெகட்டிவை வைத்துக் கமராவால் படமெடுத்தால், 2020இல் வந்த 3.2 பதிப்பிலிருந்து அதிலுள்ள ‘நெகடொக்டர்’ பகுதி அதை நேர்ப்படமாக்கித் தரும். டார்க்டேபிள் மூலக்கோப்பைத் தொடுவதில்லை. செய்த மாற்றங்களை வேறொரு சிறு கோப்பில் எழுதி வைப்பதால், பிழைத்தாலும் பழையபடி தொடங்கலாம்.

கீறல், பூஞ்சணப் புள்ளி, மடிப்புக் கோடு ஆகியவற்றை நீக்கக் கிம்ப் போதும். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீற்றர் மாற்றிஸும் 1995இல் தொடங்கிய இந்த மென்பொருளின் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வெளியானது. அதன் ‘ஹீல்’ கருவி, பழுதில்லாத பக்கத்துத் தோலின் இழையை எடுத்துக் கீறலை மூடுகிறது. ஒரு முகத்துக்கு ஓர் இரவு செலவாகலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இதையே சில விநாடிகளில் முடிக்கும்; ஆனால் தெளிவில்லாத இடத்தை அவை ஊகித்து வரைகின்றன. அம்மம்மாவின் கண் வேறு யாருடைய கண்ணாகவோ மாறினால் கல்வெட்டில் அதைப் போட்டு என்ன பயன்?

படத்தின் கீழே பெயர் எழுதும் இடத்தில் இந்த மென்பொருள்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. அச்சகங்களிலும் ஸ்ரூடியோக்களிலும் பாமினி எழுத்துரு இன்னும் கோலோச்சுகிறது. அதில் தட்டிய தமிழ், கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகளின் குவியல்; தேடினால் கிடைக்காது. கிம்ப் யூனிகோட் தமிழைக் கொம்பு, கால் பிசகாமல் காட்டுகிறது. டிஜிகாம் என்ற அல்பம் மென்பொருளில் ஆட்களின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தமிழிலேயே படக்கோப்புக்குள் எழுதிவிடலாம். படம் கனடாவுக்குப் போனாலும் விவரம் கூடவே போகும்.

இனி அச்சு. லினக்ஸில் அச்சடிப்பைக் கவனிப்பது கப்ஸ் என்ற அமைப்பு. இதை எழுதிய மைக்கேல் ஸ்வீற்றை அப்பிள் நிறுவனம் வேலைக்கு எடுத்து, 2007இல் மூல நிரலையும் வாங்கியது. மக் கணினிகளிலும் அதுவே ஓடுகிறது. கிம்ப்புக்காக அதே ஸ்வீற் எழுதிய அச்சுச் செருகியை, தன் எப்சன் ஆறு மை பிரிண்டருக்காக 1999இல் மேம்படுத்தத் தொடங்கினார் ரொபர்ட் க்ராவிற்ஸ். அது வளர்ந்து இன்றைய குட்டன்பிரிண்ட் என்ற டிரைவர் தொகுதி ஆனது. ஸ்ரூடியோக்களில் காணப்படும் டிஎன்பி, மிற்சுபிஷி போன்ற வெப்ப அச்சு இயந்திரங்கள் பலவற்றையும் கனன் செல்ஃபியையும் அது இயக்கும். எப்சன் தன் மைத்தொட்டிப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு லினக்ஸ் டிரைவரைத் தானே வழங்குகிறது.

சிக்கல் வரும் இடமும் இதுவே. டிரைவர் நிறுவாமலே வேலை செய்யும் புதிய முறையில் கடிதம் நன்றாக அச்சாகும். ஆனால் போட்டோத் தாள் வகை, ஓரமில்லா அச்சு போன்ற தெரிவுகள் சில மாதிரிகளில் காணாமற் போகும். நிறத்தை மென்பொருளும் பிரிண்டரும் ஆளுக்கொரு முறை திருத்தினால் முகம் சிவந்து வரும். திருத்தும் வேலையை இரண்டில் ஒன்றிடம் மட்டும் விட வேண்டும். திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவி இருந்தால், அவுஸ்திரேலியரான கிரேம் கில் எழுதிய ஆர்கில் மென்பொருள் அதற்கு உதவும். கருவி இல்லாவிட்டால் சிறு துண்டுத் தாளில் சோதனை அச்செடுத்துப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே வழி. மலிவு நிரப்பு மை சீக்கிரம் வெளிறும். நீண்டகாலம் சுவரில் தொங்க வேண்டிய படத்துக்கு நிறமி மையே நல்லது.

மொத்தத்தில், ஸ்கேனிலிருந்து திருத்தம்வரை லினக்ஸ் இன்று குறையில்லாமல் செய்கிறது. அச்சில் மட்டும் எந்தப் பிரிண்டர் என்பதைப் பொறுத்திருக்கிறது. எனவே பிரிண்டர் வாங்குமுன் லினக்ஸ் டிரைவர் உண்டா என்று பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததால் மூலையில் ஒதுக்கிய கணினி இருந்தால், லினக்ஸ் மின்ற் போட்டுப் பழகலாம். அதற்கும் முன், வீட்டு மூத்தவர்களோடு அல்பத்தை விரித்து, படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிவையுங்கள். அந்த விவரத்தை எந்த மென்பொருளும் பிறகு தேடித் தராது.