கேள்வி கேட்டவர்களின் இதழ்

கல்லூரி ஆண்டு மலருக்குக் கவிதை கேட்டால், நம் பிள்ளைகள் நிலவையும் மழையையும் எழுதித் தருகிறார்கள். சேரியைப் பற்றி எழுதியது நோட்டிலேயே தங்கிவிடுகிறது. "இதையெல்லாம் போடுவாங்களா சார்?" என்று நம்மிடம் கேட்ட மாணவர்கள் உண்டு. அவர்களுக்கு அவுரங்காபாத்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

நிஜாம் ஆட்சியில் இருந்த மராத்வாடாவில் அன்று கல்லூரிகளே அரிது. அங்கே 1950இல் அண்ணல் அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் ஒரு கல்லூரியைத் தொடங்கியது. அதற்கு அவர் இட்ட பெயர் மிலிந்த். பிக்கு நாகசேனரிடம் சளைக்காமல் கேள்வி கேட்ட கிரேக்க அரசனின் பெயர் அது. கூலி வேலைக்குப் போனவர்களின் பிள்ளைகள் அங்கே முதல் தலைமுறையாகப் பட்டம் படித்தார்கள். படித்தவர்கள் எழுதவும் விரும்பினார்கள். பெரிய இதழ்களின் கதவு அவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை.

1967-68இல் அந்த வட்டாரத்திலிருந்தே ஒரு காலாண்டிதழ் பிறந்தது. முதலில் 'அஸ்மிதா', பிறகு 'அஸ்மிதாதர்ஷ்'. தன் அடையாளத்தைக் காட்டும் கண்ணாடி என்று பொருள். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய பேராசிரியர் வான்கடே, கறுப்பின மக்களின் இலக்கியத்தை இங்கே எடுத்துச் சொன்னார். இதழின் ஆசிரியர் கங்காதர் பந்தாவணே மராத்திப் பேராசிரியர்; பின்னர் மராத்வாடா பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 2018இல் இறக்கும்வரை சுமார் ஐம்பது ஆண்டுகள் இதழை விடாமல் சுமந்தார். தயா பவார், வாமன் நிம்பால்கர், யஷ்வந்த் மனோகர் போன்றோரின் எழுத்துக்கு அது மேடையானது. தலித் இலக்கியம் என்றால் என்ன என்ற விவாதமும் அதன் பக்கங்களில் நடந்தது.

அதே பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்காக மராத்வாடா கிராமங்களில் தலித்துகளின் வீடுகள் எரிக்கப்பட்டன. பெயர் வந்து சேர 1994 ஆயிற்று. ஒரு பெயர்ப்பலகைக்கே பதினாறு ஆண்டுகள்! தன் பெயரில் தானே எழுதுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆண்டு மலரில் இடம் இல்லையென்றால் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு மாணவர்கள், ஒரு நல்ல ஆசிரியர், கொஞ்சம் வெள்ளைத்தாள் இருந்தால் கையெழுத்து இதழ் தொடங்கலாம். விடுதிச் சுவரில் ஒட்டலாம். ஊர் நூலகத்தில் வைக்கலாம். நம் அம்மா நடவு நட்ட கதையை நாம் எழுதாமல் வேறு யார் எழுதுவார்? நோட்டைத் திறப்போம்.