அளந்து அமைத்த தெரு

ஸ்ரீமுஷ்ணம் போன்ற கோயில் ஊர்களின் சன்னதித் தெருக்களிலும் மாடவீதிகளிலும் ஒட்டி ஒட்டி நிற்கும் பழைய ஓட்டு வீடுகள், மனையை அளந்து, தெருவை நேராக வகுத்து, வரிசையாக வீடு கட்டும் நெடிய மரபைச் சேர்ந்தவை. அம்மரபு முழுமையாக வெளிப்பட்ட இடம் அக்கிரகாரம், அதாவது கற்றறிந்த அந்தணர்களுக்கு வீடும் நிலமும் மானியமாக வழங்கி அரசர்கள் உருவாக்கிய குடியிருப்பு. தஞ்சை மராட்டிய மன்னர் சகஜி, 1693-இல் கும்பகோணத்துக்கு அருகிலுள்ள திருவிசநல்லூரைச் சகஜிராஜபுரம் என்ற பெயரில் 40-க்கும் மேற்பட்ட பண்டிதர்களுக்கு அளித்தார். 'ஜானகி பரிணயம்' நாடகத்தை இயற்றிய ராமபத்ர தீட்சிதர் அவர்களுள் ஒருவர்.

அக்கிரகார மனை முகப்பில் குறுகியும் பின்னோக்கி நீண்டும் இருக்கும். வழிப்போக்கரும் அமரக்கூடிய திண்ணை, அதை அடுத்து ரேழி எனப்படும் இடைகழி, பிறகு முற்றத்தைச் சுற்றிய கூடம், அதன்பின் அடுக்களை, கிணறு, கொல்லை என்று வீடு ஒரே நேர்கோட்டில் செல்ல, வாசலில் நிற்பவர் கண்ணுக்குக் கொல்லைக் கதவு வரை தெரியும். நீண்ட பக்கச் சுவர்கள் அண்டை வீட்டோடு ஒட்டியிருப்பதால் அவற்றில் வெயில் படுவதில்லை. உள்ளே சூடேறும் காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேறுகிறது. மின்விசிறி இல்லாத காலத்தில் சித்திரை வெயிலைத் தாங்க இதைவிடத் தெளிந்த ஏற்பாடு அமைவது கடினம்.

ஆயினும் இந்த ஒழுங்கு பிறரை விலக்கி வைத்தே காக்கப்பட்டது என்பதை மறைத்து இதன் அழகைப் பேசுவது நேர்மையாகாது. தாழ்த்தப்பட்டோர் அக்கிரகாரத் தெருவில் நடக்கவும் தடை இருந்தது. அதே திருவிசநல்லூரில், சிராத்த உணவைப் பசித்து வந்த தாழ்த்தப்பட்ட ஒருவருக்குக் கொடுத்ததற்காக விலக்கி வைக்கப்பட்ட ஸ்ரீதர அய்யாவாளின் வீட்டுக் கிணற்றில் கங்கை பொங்கியதாக வழங்கும் கதை, அந்த விலக்கு உள்ளிருந்தே கேள்விக்குள்ளானதைக் காட்டுகிறது. கார்த்திகை அமாவாசையன்று அக்கிணற்று நீரில் நீராட இன்றும் மக்கள் திரள்கின்றனர்.

ஆங்கிலக் கல்வியும் அரசுப் பணியும் குடும்பங்களை நகரங்களுக்கு இழுத்தபின் பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. பின்னர் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டுக் கான்கிரீட் மாடிகளாகின்றன. வரிசை வீட்டில் ஒன்றை இடித்தால் அடுத்த வீட்டின் சுவர் மழைக்கும் வெயிலுக்கும் வெளிப்பட்டு நலிகிறது. ஆகவே காக்க வேண்டியது தனி வீட்டை அன்று, தெருவை. அது இயலாத இடத்தில், இடிக்குமுன் வீட்டை அளந்து வரைபடமாக்கிப் படமும் எடுத்து வைக்க உரிமையாளர்கள் முன்வர வேண்டும்.